ஏழு மணிக்கு மேல் பாடும் அம்ப்

ஹட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி, தோட்டத்து வீடொன்றின் முன்னறையில் என் நண்பனின் கிட்டார் அம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி, இருக்கிறது. வால்வு அம்ப், 50 வாட். லண்டனில் இருக்கும் அவனுடைய சித்தப்பா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. பெரிய கம்பனிச் சரக்கு இல்லை. அங்கே யாரோ ஒருவர் சின்னப் பட்டறையில் ஒவ்வொன்றாகக் கையால் சோல்டர் வைத்துச் செய்தது. கிட்டார்காரர்கள் இந்த வகையை ‘பூட்டிக்’ என்பார்கள். நண்பனைக் கேட்டால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். முடிவில் மட்டும் எப்போதும் ஒரே வரிதான்: “ஏழு மணிக்கு மேலதான் மச்சான் இது பாடும்.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். டவுனில் ரேடியோ திருத்தும் மாமா ஒருவர்தான் சிரிக்கவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு வந்து பகல் இரண்டு மணிக்குப் பிளக்கில் வைத்தார், 231 வோல்ட். இரவு ஏழரைக்கு மறுபடி வைத்தார், 196. “எல்லா வீட்லயும் லைட்டு, டீவி, அயன், கேத்தல். வோல்டேஜ் வுழுந்திருச்சி தம்பி. அவன் சொல்றது பொய்யில்ல” என்றார். 1950இல் தொடங்கிய லக்சபான மின்நிலையம் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்கு வெளிச்சம் போய்ப் பல வருடங்கள் கழித்துத்தான் பல லயங்களுக்குக் கம்பியே வந்தது. வந்த கம்பியும் சாயந்தரமானால் இப்படித்தான் சோர்ந்துபோகிறது. அது வேறு கதை. இங்கே கேள்வி, 35 வோல்ட் குறைந்தால் ஒரு கிட்டாரின் குரல் ஏன் மாற வேண்டும் என்பது.

முதலில் வால்வு. கண்ணாடிக் குழாய்க்குள் காற்றே இல்லை. நடுவில் சூடாகிச் சிவக்கும் கேதோட், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், அதற்கும் வெளியே ஓர் உலோகத் தகடு. தகட்டுக்கு 200, 300 வோல்ட் கொடுத்தால் கேதோடிலிருந்து எலக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாயும். நடுவில் இருக்கும் கம்பிச் சுருளுக்குக் கிரிட் என்று பெயர். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதைச் சேர்த்த பிறகுதான் இந்தக் குழாயால் ஒலியைப் பெருக்க முடிந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது குழாய் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் நூலளவு அசைந்தால் தண்ணீர் குடமளவு கூடும், குறையும். கிரிட்தான் அந்த விரல்.

விரலால் செய்ய முடியாதவை இரண்டு உண்டு. முழுக்க அடைத்த பிறகு அதற்கு மேல் அடைக்க முடியாது. முழுக்க எடுத்த பிறகு, குழாயில் வருவதற்கு மேல் ஒரு சொட்டும் கேட்க முடியாது. டிஸ்டோர்ஷன் என்று கிட்டார்காரர்கள் சொல்லும் கரகரத்த சத்தம் மொத்தமும் இந்த இரண்டு முட்டுச்சந்துகளில்தான் பிறக்கிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். கிட்டார்க் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது சுமார் 0.1 வோல்ட். முன்பக்கத்து வால்வு அநேகமாக 12ஏஎக்ஸ்7. ஐரோப்பாவில் அதற்கே இசிசி83 என்று பெயர். ஒரு கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் இருக்கும், ஒவ்வொன்றும் சுற்றில் 50, 60 மடங்கு பெருக்கும். 0.1 வோல்ட் 6 வோல்ட்டாகிறது. வழியில் மின்சாரத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர் இரண்டு வைத்துப் பாதியைக் கொட்டிவிட்டாலும் 3 வோல்ட் மிச்சம். அடுத்த வால்வின் கிரிட் தாங்குவதோ பக்கத்துக்கு ஒன்றரை வோல்ட். இரண்டாவது படியிலேயே அலை முட்டிவிட்டது. கெய்ன், அதாவது பெருக்கம், அதிகமான ஹைகெய்ன் அம்பில் இதற்குப் பிறகும் இன்னும் இரண்டு படி இருக்கும்.

சிவனொளிபாத மலை மாதிரி ஏறி இறங்கிய அலையின் உச்சி இப்படி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. இதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் இருக்கட்டும், நம்மிடம் கவ்வாத்து என்று நல்ல சொல் இருக்கிறது. தேயிலைச் செடியைக் கத்தியால் ஒரே மட்டமாக வெட்டுகிறோமே, அதேதான். கம்பியின் அதிர்வு பத்தில் ஒன்றாகத் தேய்ந்த பிறகும், நான்கு படி தாண்டி வரும் அலை மட்டத்துக்கு மேலேயே இருக்கும். கவ்வாத்து நடந்துகொண்டே இருக்கும். அதனால் சத்தம் குறையாமல் சுரம் நீள்கிறது. கிட்டாரை வயலின் மாதிரி இழுக்க வைப்பது இதுதான்.

அம்மன் கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் கரகரப்பதும் கவ்வாத்துதான். அப்படியானால் அது காதைக் கிழிக்க, இது ஏன் இனிக்கிறது? பாதிப் பதில் வெட்டும் விதத்தில் இருக்கிறது. மேலும் கீழும் ஒரே அளவாக வெட்டினால் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் முளைக்கும்: 110 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 110 அதிர்வு) சுரத்தோடு 330, 550, 770. ஒரு பக்கத்தை அதிகமாக வெட்டினால் 220, 440 போன்ற இரட்டைப்படைகளும் சேரும். 220உம் 440உம் அதே சுரத்தின் மேல்ஸ்தாயிகள் என்பதால் காது அவற்றை இடைஞ்சலாக எடுத்துக்கொள்ளாது, குரல் கனத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

இந்த ஒருபக்க வெட்டை வேண்டுமென்றே செய்ய ஒரு தந்திரம் இருக்கிறது. சாதாரணமாகக் கேதோடின் கீழே 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் வைப்பார்கள். அப்போது விரல் குழாயில் நடுவாக நிற்கும். அங்கே 10 கிலோஓம் வைத்தால் வால்வு பாதித் தூக்கத்துக்குப் போகும். மார்ஷல் கம்பனியின் மாஸ்டர் வால்யூம் அம்ப்களில் அப்படித்தான். அமெரிக்க அம்ப் தயாரிப்பாளர் மைக் சோல்டானோ 1987இல் எஸ்எல்ஓ-100 என்ற அம்பைக் கொண்டுவந்தபோது 39 கிலோஓம் வைத்தார். வால்வு ஏறக்குறைய அணைந்தே கிடக்கும். அலை ஒரு பக்கம் போனால் உடனே முட்டும், மறுபக்கம் போக இடம் இருக்கும். பிறகு வந்த பீவி 5150, மேசா டூயல் ரெக்டிஃபையர் என்ற அம்ப்கள் இரண்டின் சுற்றுப்படத்தையும் அதன் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியும். தொண்ணூறுகளின் கன ராக் கிட்டாருக்கு முகம் கொடுத்ததில் அந்த ரெசிஸ்டருக்குப் பெரிய பங்கு. கடையில் அது ஒரு ப்ளேன்டீயை விட மலிவு.

இன்னொரு மலிவான சாமான், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் இருப்பது. அதைச் சின்னதாகப் போட்டால் அடிச்சுரங்கள் வெட்டுக்குப் போகும் முன்பே கழிந்துவிடும். கனமான சத்தம் வேண்டும் என்பவன் அடிச்சுரத்தைக் கழிப்பானா? கழிக்கத்தான் வேண்டும். கவ்வாத்துக்குள் போகும் அடிச்சுரம் அலை முழுவதையும் தன்னோடு மேலும் கீழும் இழுத்துக்கொண்டு போய்ச் சேறாக்கிவிடும். முதலில் கழித்து, வெட்டி, கடைசியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். “இந்த அம்ப் டைட், அது லூஸ்” என்று கிட்டார்காரர்கள் அடித்துக்கொள்வதில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சை நிறப் பெடலை ஹைகெய்ன் அம்பின் முன்னால் வைக்கிறார்களே, அதன் வேலையும் பெரும்பாலும் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்து அனுப்புவதுதான்.

டிஸ்டோர்ஷன் போட்டால் ஏன் இரண்டு சுரம் மட்டும் சேர்ந்து ஒலிக்கும் கோர்டாகவே வாசிக்கிறார்கள் என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். சோம்பல் இல்லை. 110உம் 165உம் ஹெர்ட்ஸ் சேர்ந்து வெட்டுப்பட்டால் அவற்றின் வித்தியாசமான 55உம் கூட்டலான 275உம் புதிதாகப் பிறக்கும். எல்லாமே 55இன் மடங்குகள். 55 என்பது 110க்கு ஒரு ஸ்தாயி கீழே, யாரும் வாசிக்காத சுரம்; தரை அதிர்வதாகத் தோன்றுவது அதனால்தான். 165க்குப் பதில் 138.6ஐ, அதாவது மேஜர் கோர்டின் நடுச்சுரத்தை, சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் 28.6, கூட்டல் 248.6. எந்த வரிசையிலும் உட்காராத எண்கள். சர்ச் கொயரில் தேனாக இருந்த கோர்ட் இங்கே இரைச்சலாகிப்போகும்.

சரி, சேர்க்கிட் மலிவு என்றால் பூட்டிக் அம்புக்கு எதற்கு அவ்வளவு விலை? இங்கேதான் அபிப்பிராயங்கள் குவிந்து கிடக்கின்றன, எல்லாம் வெறும் பேச்சும் அல்ல. ட்ரெய்ன்ரெக் அம்ப்களைச் செய்த கென் ஃபிஷர் உள்ளே ஒவ்வொரு வயரும் எந்த வழியாகப் போகிறது என்பதில் பிடிவாதக்காரர். அம்ப்களுக்கு நம்பருக்குப் பதில் பெண்களின் பெயரை வைத்தவரும் அவர்தான். வயர் விஷயத்தில் அவர் சரி. உள்ளே வரும் வயரில் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒன்று, வெளியேறும் வயரில் பல பத்து வோல்ட். இரண்டும் பக்கத்தில் ஓடினால், தொடாமலே ஒன்றின் சமிக்ஞை மற்றதில் கசியும். கசிந்தது மறுபடி ஆயிரக்கணக்கான மடங்கு பெருகும், அம்ப் ஊளையிடும். கெய்ன் கூடக் கூட வயரின் இடமும் சேர்க்கிட்டின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. நல்ல கைவேலைக்காரரின் அம்ப் ஏன் அமைதியாக இருக்கிறது என்பதற்கு இது நேரடியான காரணம். நல்ல ட்ரான்ஸ்ஃபோமரும் அப்படியே. பணம் போகும் இடம் அது.

டம்பிள் கதை வேறு. 2022இல் காலமான அமெரிக்க அம்ப் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் டம்பிள் தன் அம்ப்களின் சேர்க்கிட்டை எபொக்சிப் பசையால் மூடிவிடுவார், யாரும் பார்த்துக் கொப்பியடிக்கக் கூடாது என்று. அவருடைய அம்ப்கள் ஒரு லட்சம் டாலருக்கு மேலும் கைமாறியிருக்கின்றன. அந்தத் தொகையில் குரலுக்கு எவ்வளவு, பசைக்குப் பின்னால் இருக்கும் மர்மத்துக்கு எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம்தான்.

பழைய கார்பன் ரெசிஸ்டர்தான் இனிமை என்பவர்களை நான் நுவரெலியாவுக்கு அழைப்பேன். அழுத்திச் செய்த கார்பன் ரெசிஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் மதிப்பு மாறும், உஸ்ஸென்ற இரைச்சலும் கூடும். கப்போர்டில் வைத்த செருப்பு பூஞ்சணம் பிடிக்கும் ஊரில் அதைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. மலிவான மெட்டல் ஃபில்ம் ரெசிஸ்டர் போதும்.

கடைசி வார்த்தை ஸ்பீக்கருக்கு. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று கையை விரித்துவிடும். வெட்டுப்பட்ட அலையின் முட்கள் எல்லாம் அதற்கு மேலேதான் கிடக்கின்றன. அதே அம்பை முழு வீச்சும் ஒலிக்கும் ஸ்பீக்கரில் கேட்டால், மலையில் குளவிக்கூடு கலைந்ததுபோல இருக்கும். கொழுந்தெடுக்கும் யாரைக் கேட்டாலும் அந்தச் சத்தத்தை அடையாளம் சொல்வார்கள். கோயில் லவுட்ஸ்பீக்கர் கிழிப்பதற்கான மீதிப் பதிலும் இதுதான். அந்தக் கூம்பு அடிச்சுரத்தை விட்டுவிட்டு, காது கூசும் பகுதியையே தூக்கிக் கொடுக்கிறது. இரண்டு அம்பை ஒப்பிட்டுச் சண்டை போடும் பலர் உண்மையில் இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடுகிறார்கள். அல்லது இரண்டு சத்த அளவை. ஒரு டெசிபல் கூடினால் காது அதைச் ‘சத்தம்’ என்று சொல்லாது, ‘நல்லாருக்கு’ என்றுதான் சொல்லும்.

இப்போது ஏழு மணிக்கு வருவோம். பிளக்கில் 230க்குப் பதில் 196 என்றால் அம்புக்குள் எல்லாமே அதே விகிதத்தில் இறங்கும். தகட்டுக்குப் போகும் 450 வோல்ட் 383 ஆகும். முட்டுச்சந்து கிட்டே வருகிறது. அதே விரல் அழுத்தத்துக்குக் கவ்வாத்து முன்கூட்டியே தொடங்குகிறது. 50 வாட் 36 ஆகக் குறைந்தாலும் காதுக்கு அது ஒன்றரை டெசிபல்கூட இல்லை. ஆகச் சத்தம் ஏறக்குறைய அப்படியே, கடுமை மட்டும் தளர்கிறது. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் வேரியாக் என்ற கருவியை வைத்துத் தன் மார்ஷலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து வாசித்தது இதற்காகத்தான். அவர் காசு கொடுத்து வாங்கியதை எங்கள் தோட்டத்து ட்ரான்ஸ்ஃபோமர் தினமும் சாயந்தரம் இலவசமாகக் கொடுக்கிறது.

மாமாவுக்கு இதில் பாதி சம்மதம்தான். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட்டும் கூடவே 5.4க்கு இறங்குகிறது. பத்து வீதம் கூடக்குறைய இருந்தால் தாங்கும். இது அதையும் தாண்டிவிட்டது. நாள்கணக்காக அரைச்சூட்டில் வேலை வாங்கினால் கேதோட் கெடும். அவர் அம்பைத் திறந்து அளந்து காட்டினார். அளக்கும்போது இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். இரண்டு கையும் உள்ளே போனால் அது நெஞ்சு வழியாகத்தான் பாயும். மூடியைப் போட்டுவிட்டு, “ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வச்சிரு தம்பி” என்றார்.

நண்பன் வாங்கினான். அன்று இரவு ஏழரைக்கு அம்புக்குச் சரியாக 230 வோல்ட் போனது. ஒரு கோர்ட் அடித்தான். இன்னொன்று அடித்தான். முகம் சுருங்கியது. இப்போது அந்த ஸ்டெபிலைசரில் அவன் அம்மாவின் ஃப்ரிஜ் ஓடுகிறது.