குளிரூட்டி சூடாக்குமா?

படகு ஒன்றின் இயக்கக் கையேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ‘இரவில் குளிர் மிகுந்தால் குளிரூட்டியைச் சூடாக்கும் நிலைக்கு மாற்றவும்’ என்று ஒரு வரி. எழுதியவருக்கு அது உறுத்தவே இல்லை. ஏர் கண்டிஷனர் என்று கண்டதும் கை தானாகக் குளிரூட்டி என்று எழுதிவிடுகிறது. இந்த வரியை எத்தனை கையேடுகளில்தான் திருத்துவது?

மூலச் சொல்லில் குளிரே கிடையாது. 1902இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்கு வடிவமைத்த அமைப்பின் முதல் வேலை, காற்றின் ஈரப்பதத்தை அடக்கித் தாள் விரிந்து சுருங்காமல் காப்பது. 1906இல் ‘ஏர் கண்டிஷனிங்’ என்று பெயர் வைத்தவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நூற்பாலைப் பொறியாளர். நூலுக்கு ஈரமேற்றிப் பக்குவப்படுத்துவதை ஆலைகளில் கண்டிஷனிங் என்பார்கள். அதைக் காற்றுக்கும் சொன்னார். காற்றை வேண்டிய பதத்துக்குக் கொண்டுவருவது என்பதே பொருள்.

அந்தப் ‘பதம்’ நம்மிடம் முன்பே இருக்கிறது. தோலைப் பதனிடுகிறோம், மண்ணின் பதம் பார்த்து விதைக்கிறோம். வளியைப் பதப்படுத்துவது வளிப்பதனம், கருவி வளிப்பதனி. பதனி என்றால் பனஞ்சாறு அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. ‘வளி’ முன்னால் நிற்கையில் யாரும் அதைக் குடிக்கக் கேட்க மாட்டார்கள்.

வீட்டுச் சுவரில் மாட்டிய கருவி குளிர்விக்க மட்டுமே செய்தால், குளிரூட்டி என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். படகில் அது செல்லாது. அங்கே அடித்தட்டின் வால்வைத் திறந்தால் கடல்நீர் உள்ளே வரும். வடிகட்டியைக் கடந்து, பம்பின் வழியே சுருள்குழாய்க்குப் போய், அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு கப்பற்பக்கத் துளையால் வெளியே கொட்டும். அந்தத் துளையில் நீர் விழுகிறதா என்பதைத்தான் ஓட்டுபவர் முதலில் பார்ப்பார். விழாவிட்டால் வடிகட்டியில் பாசி அடைத்திருக்கலாம், பம்பில் காற்று சிக்கியிருக்கலாம். அழுத்தம் ஏறிக் கருவி தானே நின்றுவிடும்.

சூடாக்கும்போது திசைமாற்று வால்வு திரும்புகிறது, கருவிக்குள் சுற்றும் வாயுவின் ஓட்டம் தலைகீழாகிறது. இப்போது கடல் வெப்பத்தை வாங்குவதில்லை, கொடுக்கிறது. கைவைத்தால் விறைக்கும் 10 டிகிரி நீரிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சி அறைக்குள் தள்ளுகிறது இந்த இயந்திரம். கடல்நீர் 4, 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் திணறும். இதைப் போய்க் குளிரூட்டி என்பதா?

அதே கையேட்டில் கருவியும் குளிரூட்டி, அதற்குள் ஓடும் வாயுவும் குளிரூட்டி, எஞ்சினில் ஊற்றும் திரவமும் குளிரூட்டி. ‘குளிரூட்டி கசிகிறதா எனப் பார்க்கவும்’ என்றால் படிப்பவர் எங்கே போய்ப் பார்ப்பார்? தலைப்போ ‘கடல்நீர்க் குளிரூட்டி’. அதைப் படித்தால் கடல்நீரைக் குளிரவைக்கும் பொறி என்றுதான் எனக்குப் படுகிறது.

இலங்கையில் வழங்கும் வளிச்சீராக்கி இதைவிட எவ்வளவோ மேல்; அதில் குளிர் என்ற ஒருபக்கச் சாய்வு இல்லை. ஆனால் படகின் மின்பலகையில் மின்னழுத்தச் சீராக்கி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, ஆகவே என் வாக்கு பதனிக்கே. குளிர்சாதனத்தில் ‘சாதனம்’ வடசொல் என்று சண்டை போடுபவர்களோடு நான் சேரவில்லை. வடசொல்லோ தமிழ்ச்சொல்லோ, செய்யாத வேலையை அது சொல்லக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான் எனக்குக் கோபம். சொற்பட்டியலைத் திறக்கிறார்கள், இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதில்லை. நீர் எங்கே நுழைகிறது, எங்கே விழுகிறது என்று படகுக்காரரிடம் ஒருமுறை கேட்டிருந்தால், அந்தத் தலைப்பு சொல்லவந்த ‘கடல்நீரால் குளிரும்’ என்ற அடைமொழியும் பாதி நேரத்துக்கே பொருந்தும் என்று தெரிந்திருக்கும். சூடாக்கும் வேளையில் கடல் எதையும் குளிர்விப்பதில்லையே. அதனால் ‘கடல்நீர்வழி வளிப்பதனி’ என்று எழுதினேன். வாயுவுக்குக் குளிர்பதனப் பொருள், எஞ்சின் திரவத்துக்குக் குளிர்விப்பு நீர்மம் என்று பிரித்துவிட்டேன். அந்த வரி இப்போது இப்படி நிற்கிறது: ‘இரவில் குளிர் மிகுந்தால் வளிப்பதனியை வெப்ப நிலைக்கு மாற்றவும், கப்பற்பக்கத் துளையில் நீர் விழுவதை உறுதிசெய்யவும்.’