8 ஆங்ஸ்ட்ரத்துக்குள் இருப்பதெல்லாம் பிணைப்பு அல்ல

மறுபடியும் ஒரு கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்திருக்கிறது. ஒரு நொதியில் நோய் உண்டாக்கும் பிறழ்வு. அந்த இடத்து அமினோ அமில எச்சத்தைச் சுற்றி (எச்சம் என்பது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) 8 ஆங்ஸ்ட்ரத்துக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ரம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும் எச்சங்களின் நீண்ட பட்டியல். “இத்தனை வலுவான பிணைப்புகள் அறுந்துபோவதால் புரதம் நிலைகுலைகிறது” என்று முடிவு. கூடவே வண்ண வண்ணமாக ஒரு வலைப்பின்னல் படம், பின்னிணைப்பில் நான்கு தசம இடங்கள் வரை தொலைவுகள். இதே வார்ப்பில் வருபவற்றை எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பும் குறிப்பைப் பொதுவில் ஒரு முறை எழுதிவிட்டால் என் வேலையாவது குறையும்.

அந்த 8 ஆங்ஸ்ட்ரம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். புரத அமைப்பைக் கணிக்கும் முறைகளைச் சோதிப்பதற்காக 1994 முதல் காஸ்ப் என்ற போட்டி நடந்துவருகிறது. எந்தெந்த எச்சங்கள் அருகருகே வரும் என்று ஒரு முறை சரியாகக் கணித்ததா என மதிப்பெண் போட அங்கே ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இரண்டு எச்சங்களின் பீட்டா கார்பன்களுக்கு, அதாவது பக்கச்சங்கிலியின் முதல் கார்பன்களுக்கு, இடையே 8 ஆங்ஸ்ட்ரத்துக்குக் குறைவாக இருந்தால் தொடுகை. கிளைசின் என்ற அமினோ அமிலத்தில் பீட்டா கார்பன் இல்லாததால் முதன்மைச் சங்கிலியில் இருக்கும் ஆல்ஃபா கார்பன். சங்கிலி எப்படி மடிந்திருக்கிறது என்று படம் வரைய அது அருமையான வரம்பு. அந்த இரண்டு எச்சங்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றனவா, விலக்குகின்றனவா, கண்டுகொள்ளாமல் இருக்கின்றனவா என்பதற்கு அதில் பதில் கிடையாது. அதை வகுத்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

விசை உண்டா என்று பார்க்க வேண்டுமென்றால் அணுக்களிடம் போக வேண்டும். வேதிப்பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்கள் ஒட்டி நிற்கும் தொலைவு ஏறத்தாழ 3.4 முதல் 4 ஆங்ஸ்ட்ரம். ஹைட்ரஜன் பிணைப்பில் கொடுக்கும் அணுவுக்கும் ஏற்கும் அணுவுக்கும் இடையே 3.5க்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும். தொலைவு சரியாக இருந்தாலும் கோணம் பொருந்தாவிட்டால் விட்டுவிட வேண்டும். உப்புப் பாலத்துக்கு எதிரெதிர் மின்னூட்டமுள்ள அணுக்கள் 4 ஆங்ஸ்ட்ரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 1983 முதல் புழங்கிவரும் வரம்பு. கந்தகப் பிணைப்பான டைசல்பைடில் இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையே சுமார் 2.05. இவற்றில் எதுவும் 8 அல்ல. 8 ஆங்ஸ்ட்ரம் இடைவெளியில் ஒரு நீர் மூலக்கூறு தாராளமாகப் புகுந்து நிற்கும். இரண்டு பக்கச்சங்கிலிகளும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டியபடி நிற்கவும் செய்யலாம். கூட்ட நெரிசலில் பக்கத்தில் நிற்பவர்களையெல்லாம் உறவினர் கணக்கில் சேர்ப்பது போலத்தான் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆல்ஃபா கார்பன்களை மட்டும் அளப்பவர்கள் உண்மையான பிணைப்புகளைத் தவறவிடுகிறார்கள். ஆர்ஜினின் பக்கச்சங்கிலி முழுவதும் நீண்டால் அதன் நுனி ஆல்ஃபா கார்பனிலிருந்து 7 ஆங்ஸ்ட்ரம் தள்ளிப் போய்விடும். எதிரே ஓர் அஸ்பார்ட்டேட் இருந்து, இரண்டும் உறுதியான உப்புப் பாலம் அமைத்திருந்தாலும், ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையே 11 ஆங்ஸ்ட்ரம் இருக்கலாம். உங்கள் வலைப்பின்னலில் அதற்குக் கோடு விழாது. அடுத்தடுத்த எச்சங்களுக்கோ எப்போதும் கோடு விழும். அவற்றின் ஆல்ஃபா கார்பன்கள் 3.8 ஆங்ஸ்ட்ரத்தில் கட்டப்பட்டவை. ஆல்ஃபா சுருளில் நான்கு தள்ளி இருக்கும் எச்சமும் 6 ஆங்ஸ்ட்ரத்தை ஒட்டியே இருக்கும். இவற்றைக் கழிக்காமல் “சுருள் பகுதியில் தொடுகைகள் செறிந்துள்ளன” என்று எழுதுவது, சுருள் சுருளாக இருக்கிறது என்று எழுதுவதுதான்.

மின்னூட்டத்தின் குறியைப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். கால்மோடுலின் என்ற புரதத்தின் அமைப்பை எடுத்து, புரதமல்லாத அணுக்களையெல்லாம் வழித்து எறிந்துவிட்டுத் தொடுகை தேடும் கணினி நிரலை ஓட்டுங்கள். எதிர்மின்னூட்டம் கொண்ட அஸ்பார்ட்டேட்களும் குளூட்டமேட்டும் ஒன்றையொன்று நோக்கிக் குவிந்து நிற்பதாக வரும். “அமில எச்சங்களுக்கு இடையே வலுவான இடைவினை” என்று எழுதத் தோன்றும். அவை அங்கே குவிந்திருப்பது நீங்கள் எறிந்துவிட்ட கால்சியம் அயனிக்காக.

இனி, எத்தனை தொடுகைகள் என்ற எண்ணிக்கையை முக்கியத்துவத்தின் அளவாகக் கொள்வதைப் பற்றி. என்னை மிகவும் பொறுமையிழக்கச் செய்வது இதுதான்.

அரிவாளணு நோயைப் பாருங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆவது குளூட்டமேட் வாலினாக மாறுகிறது. அந்த இடம் மூலக்கூறின் வெளிப்பரப்பில் இருக்கிறது. எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால், ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீமைச் சுற்றிப் புதைந்து கிடக்கும் எச்சங்கள் மேலே போகும், இது கீழே கிடக்கும். “தாக்கம் குறைவு” என்று முத்திரை குத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவீர்கள். ஆக்சிஜனை இழந்த நிலையில் அந்த வாலின் பக்கத்து மூலக்கூறு ஒன்றின் பீட்டா சங்கிலியில் 85ஆவது ஃபீனைலலனினும் 88ஆவது லியூசினும் அமைக்கும் நீர்வெறுக்கும் குழிக்குள் போய் அமர்கிறது. மூலக்கூறுகள் கோர்த்துக்கொண்டு இழைகளாக நீள்கின்றன, சிவப்பணு வளைகிறது. நோயின் காரணம் இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கிறது. நீங்கள் எடுத்த அமைப்புக் கோப்பிலோ ஒரே மூலக்கூறுதான் இருந்தது.

கோப்பில் ஒரு மூலக்கூறாவது முழுதாக இருந்ததா? புரதத் தரவு வங்கியில் 1எச்எச்ஓ என்ற ஆக்சிஹீமோகுளோபின் பதிவின் மூலக்கோப்பைத் திறந்தால் ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா என இரண்டே சங்கிலிகள். மீதி இரண்டும் படிகச் சமச்சீரைப் பயன்படுத்தி உருவாக்க வேண்டியவை. நான்கு சங்கிலிகளுக்கு இடையிலான சேர்முகங்களில் அந்தக் கோப்பு காட்டுவது ஒன்றே ஒன்று. உடலில் இருக்கும் முழு மூலக்கூறான உயிரியல் தொகுப்புக்கான கோப்பைத் தரவு வங்கியே தனியாகத் தருகிறது. தயவுசெய்து அதைத் தரவிறக்குங்கள், ஒரு சொடுக்குதான். எதிர்த்திசைப் பிழையும் நடக்கும்: படிகமாகும்போது மட்டும் ஒட்டிக்கொண்ட முகத்தை உயிரியல் சேர்முகம் என்று எண்ணிவிடுவது. சேர்முகங்களை மதிப்பிடும் பீசா போன்ற கருவிகள் இங்கே உதவும், ஆனால் அவை சொல்வதும் மதிப்பீடுதான். அதற்காகப் படிகத் தொடுகை என்றாலே குப்பை என்றும் ஒதுக்கிவிட வேண்டாம். மேலே சொன்ன அரிவாளணு இழையின் அடிப்படை இரட்டைச்சரம் முதலில் அணு விவரத்தோடு தெரிந்தது படிகத்துக்குள்தான்.

ஒரு தொடுகை எந்த நிலைக்கு உரியது என்பதையும் கேட்டாக வேண்டும். பீட்டா சங்கிலியின் கடைசியில் இருக்கும் 146ஆவது ஹிஸ்டிடின் ஆக்சிஜனற்ற ஹீமோகுளோபினில் 94ஆவது அஸ்பார்ட்டேட்டோடு உப்புப் பாலம் அமைக்கிறது. ஆக்சிஜன் ஏறியதும் அது விட்டுப்போகிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஏற்றி இறக்குவது எப்படி என்று பெருட்ஸ் 1970இல் முன்வைத்த விளக்கத்தின் உயிர்நாடியே இப்படிப்பட்ட பாலங்கள்தான். ஒரு பதிவை மட்டும் பார்த்து “இந்தப் புரதத்தில் இந்தத் தொடுகை உண்டு” என்று எழுதியவர், மற்ற பதிவைத் திறந்திருந்தால் நேரெதிராக எழுதியிருப்பார்.

கோப்பைக் கையாள்வதில் வரும் கோளாறுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கச்சங்கிலிக்கு இரண்டு மாற்று நிலைகள் தரப்பட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து எண்ணாதீர்கள். என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) பதிவில் பல மாதிரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்; அவற்றைக் கலந்து படித்த நிரல் ஒரு மாதிரியின் அணுவுக்கும் இன்னொன்றின் அணுவுக்கும் இடையே தொடுகை கண்டுபிடித்ததைப் பார்த்திருக்கிறேன், அது அட்டவணையாகவும் வந்திருந்தது. மெத்தியோனினுக்குப் பதிலாக வைக்கப்படும் செலினோமெத்தியோனின் புரதமல்லாத அணுக்களின் வரிசையில் எழுதப்படுவதால் நிரல் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எக்ஸ்-கதிர் சோதனை தரும் எலக்ட்ரான் அடர்த்தியில் தெரியாத எச்சங்கள் கோப்பில் இருக்கவே இருக்காது. அங்கே தொடுகை இல்லை என்பது தரவு இல்லை என்பதே. வழக்கமான எக்ஸ்-கதிர் படத்தில் அஸ்பராஜின், குளூட்டமின் நுனிகளில் எது ஆக்சிஜன், எது நைட்ரஜன் என்று பிரித்தறிய முடியாது. ஹிஸ்டிடின் வளையத்துக்கும் இதே கதி. ரெடியூஸ் போன்ற ஒரு கருவியால் திருப்பிச் சரிபார்க்காமல் ஹைட்ரஜன் பிணைப்புகளை எண்ண வேண்டாம். நான்கு தசம இடங்களோ, கோப்பிலேயே மூன்றுதான் இருக்கின்றன. 2 ஆங்ஸ்ட்ரம் பிரிதிறனில் முதல் தசம இடமே ஆட்டம் காணும்.

எண்ணிடல் தனித் தலைவலி. மேலே 6 என்று சொன்ன அதே குளூட்டமேட், தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணும் மரபணுப் பதிவுகளில் 7. இரத்தத்தை உறையவைக்கும் திராம்பினில் 60ஆம் எண்ணுக்குப் பிறகு 60ஏ, 60பி என்று எழுத்துகளோடு ஒரு வளையமே இருக்கிறது. எண்ணை மட்டும் படிக்கும் நிரல் அவற்றையெல்லாம் ஒரே எச்சமாக்கிவிடும். எண்ணைக் கழித்து “சங்கிலியில் இவை எவ்வளவு தள்ளி” என்று கணக்கிடுபவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டின் மாதிரிகளைக் கொண்டு வருபவர்களுக்கு ஒன்று. சோதனை அமைப்பில் வெப்பக் காரணி (அணு எவ்வளவு அலைகிறது என்ற அளவு) எழுதப்படும் அதே நெடுவரிசையில்தான் அங்கே 100க்குப் போடும் நம்பக மதிப்பெண் எழுதப்படுகிறது. வெப்பக் காரணி கூடினால் ஐயம் கூடும். நம்பக மதிப்பெண் கூடினால் உறுதி கூடும். பழைய வடிகட்டியை அப்படியே ஓட்டி, நன்றாகக் கணிக்கப்பட்ட பகுதிகளை எறிந்துவிட்டு 50க்குக் கீழான தொங்கல்களை வைத்துக்கொண்ட பகுப்பாய்வு உண்மையிலேயே வந்தது. புரதத்தில் தனித்தனியாக மடியும் இரண்டு களங்களுக்கு இடையிலான தொடுகை என்றால், ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் 90ஐத் தாண்டியிருந்தாலும் போதாது. ஒன்றுக்கு எதிராக மற்றது எங்கே நிற்கிறது என்பதற்கான பிழை அட்டவணை தனியாக இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலில் நீங்கள் கதை கட்டப்போகும் ஐந்தாறு தொடுகைகளையாவது முப்பரிமாணக் காட்டியில், எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தோடு சேர்த்துக் கண்ணால் பாருங்கள். பரப்பில் இருக்கும் லைசினின் நுனிக்கு அடர்த்தியே இருக்காது, ஆனால் அதில்தான் உங்கள் உப்புப் பாலம் தொங்கிக்கொண்டிருக்கும். வழிகாட்டிகளிடம்: அதைப் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். முறைகள் பகுதியில் எந்த அணுக்களுக்கு இடையே அளந்தீர்கள், வரம்பு என்ன, ஹைட்ரஜன்கள் சேர்ந்தனவா, சங்கிலியில் எத்தனை எச்சம் தள்ளியிருப்பவற்றைக் கணக்கில் எடுத்தீர்கள், எந்தத் தொகுப்புக் கோப்பு என்பதை எழுதுங்கள். வரம்பை அரை ஆங்ஸ்ட்ரம் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்பதையும் சேருங்கள். மாறினால் அந்தக் கட்டுரையை எனக்கு இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.