எம்ஜிபி காரைத் தாழ்த்தும் முன்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்றும் நிறைய ஓடுகின்றன. 1974-ல் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டியபோது காரையும் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை உயர்த்தினார்கள். வளைவில் கார் அதிகம் சாயத் தொடங்கியது. அதைப் பழைய உயரத்துக்கு இறக்க நினைப்பதில் தப்பில்லை. முன்பக்கம் காயில் ஸ்பிரிங், மாற்றினால் வேலை முடிந்தது. பின்பக்கம்தான் யோசிக்க வேண்டிய இடம்.

அங்கே இருப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள். எடையைத் தாங்குவது அதன் பாதி வேலைதான். பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலைப் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. கம்பனி கொடுத்த காரில் அதற்கென்று வேறு கம்பியோ கையோ கிடையாது. ஸ்பிரிங்கின் முன்முனை உடற்சட்டத்தோடு போல்ட்டில் நிற்கிறது, பின்முனை ஷாக்கிள் என்ற சிறு இணைப்பில் தொங்கி ஆடுகிறது. ஆக, சக்கரத்தின் உந்துவிசை முன்பாதிப் பட்டை வழியாகத்தான் காரைத் தள்ளுகிறது. பிரேக் அடித்தால் அதே வழியில்தான் இழுக்கிறது. முனையில் போல்ட் நுழையும் வளையம் (கண்) வைத்த முதல் பட்டை அங்கே முறிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். பின்சக்கரங்களே ஸ்டீயரிங் பிடிக்க ஆரம்பிக்கும்.

சிலர் ஒரு பட்டையை உருவிவிடுகிறார்கள். கார் இறங்கும், சரி. ஆனால் மிச்சப் பட்டைகள் கூடுதல் பாரத்தைச் சுமந்து சீக்கிரம் களைத்துப்போகும். பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது: துருவிலோ கிரைண்டரிலோ 10 சதவீதம் தேய்ந்தாலே விறைப்பில் சுமார் 27 சதவீதம் போய்விடும்.

இதைவிட மோசம், கேஸ் வெல்டிங் நெருப்பில் காட்டிப் பட்டையை நிமிர்த்துவது. ஸ்பிரிங் எஃகின் பலமே கணக்காகச் சூடாக்கிக் குளிர்வித்த பதத்தில் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போச்சு. சுமை ஏறும்போது பட்டையின் மேல்முகம் இழுபடும். அங்கே ஒரு கீறலோ வெல்டிங் பொறி விழுந்த புள்ளியோ இருந்தால் போதும், விரிசல் அதிலிருந்துதான் கிளம்பும்.

காரை இறக்க ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைப்பதைப் பலர் திட்டுவார்கள். என் பார்வையில் எல்லாவற்றிலும் இதுவே பரவாயில்லை, ஏனென்றால் பட்டையை யாரும் தொடுவதில்லை. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை கட்டையின் குழியில் சரியாக உட்கார வேண்டும், கட்டையின் முளை ஆக்சில் இருக்கையில் இறங்க வேண்டும், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் போதிய நீளம் இருக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

தாழ்த்திய காரில் ஆக்சில் மேலேறும் இடம் குறையும் என்பதால் ஆக்சிலின் மோதலைத் தாங்கும் பம்ப் ரப்பர் அடிக்கடி இடிக்கும். அளவாகத் தாழ்த்தி வளைத்துச் செய்த புது ஸ்பிரிங் கிடைத்தால் இந்தத் தலைவலியெல்லாம் பாதியாகும். எதை மாட்டினாலும், கார் நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே ஸ்பிரிங்கின் முன்கண் போல்ட்டைக் கடைசியாக இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.