39 வாரத்துக்கு முன்னால் தேதி கிடையாது

மருத்துவக் காரணம் இல்லாமல், மருந்து கொடுத்து பிரசவ வலியை முன்கூட்டியே வரவைப்பது 39 வாரத்துக்கு முன்னால் கூடாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் இதை 1979ஆம் ஆண்டு முதலே சொல்லி வந்தது. மருத்துவர்களுக்கும் தெரியும். ஆனாலும் 37, 38 வாரங்களில் தேதி குறிப்பது பல ஆண்டுகள் நிற்கவில்லை.

அங்கே ஒரே குழுமத்தைச் சேர்ந்த 27 மருத்துவமனைகள் இதற்கு மூன்று வழிகளை முயன்று பார்த்தன. முடிவு 2010இல் வெளியானது. முதல் வகையில் முழுத் தடை: பட்டியலில் உள்ள காரணம் இல்லையென்றால் பிரசவ அறை ஊழியர்களே தேதி தர மறுத்துவிடுவார்கள். இரண்டாவதில் முடிவு மருத்துவர் கையில், ஆனால் விதிமீறல் ஒவ்வொன்றும் சக மருத்துவர்களின் பரிசீலனைக்குப் போகும். மூன்றாவதில் எடுத்துச் சொல்வதோடு சரி. தேவையற்ற முன்கூட்டிய பிரசவங்கள் முதல் வகையில் 8.2 சதவீதத்திலிருந்து 1.7 ஆனது, இரண்டாவதில் 8.4இலிருந்து 3.3, மூன்றாவதில் 10.9இலிருந்து 6. நல்லதை எடுத்துச் சொன்னால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறினாலோ பனிக்குடம் உடைந்தாலோ இந்தத் தடை குறுக்கே வராது.

இரண்டு வாரத்தில் அப்படி என்ன ஆகிவிடும்? கருவின் நுரையீரல் திரவத்தால் நிறைந்தது. அதைச் சுரப்பதும் நுரையீரலின் உட்சுவர்தான். கடைசி வாரங்களிலும் பிரசவ வலியின்போதும் அந்தச் சுவர் உப்பையும் கூடவே நீரையும் உள்ளிழுக்கத் தொடங்குகிறது. அது முடியுமுன் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறலாம். வலி வருமுன் செய்த மறு சிசேரியன்களை ஆராய்ந்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், மூச்சுத் திணறல் போன்ற சிக்கல்கள் 37ஆம் வாரத்தில் 15.3 சதவீதம், 38இல் 11, 39இல் 8.

39 தாண்டினால் கேள்வி தாயின் பக்கம் திரும்புகிறது. கர்ப்பப்பை வாய் இளகியிருந்தால் ஆக்சிடோசின் சொட்டு மருந்துக்கு எளிதில் வலி வரும். இறுகியிருந்தால் முதலில் மாத்திரையோ பலூனோ வைத்து இளக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இதனால் சிசேரியன் கூடும் என்றுதான் நெடுநாள் அஞ்சினார்கள். முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த, சிக்கலில்லாத 6,106 பெண்களிடம் நடந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது: 39ஆம் வாரத்தில் வலி வரவைத்தவர்களில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2. அப்புறம் 39ஆம் வாரத்தில் தாய் விரும்பினால் செய்யலாம் என்று சங்கமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் கட்டிலும் நர்ஸும் போதாத நாளில் அவசரப் பிரசவங்களுக்கே முதலிடம். விருப்பத் தேதிகள் தள்ளிப்போகும். தேதி குறிக்கும்போதே இதைத் தாயிடம் சொல்லிவிட வேண்டும்.