லெட்டர்பாக்ஸிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

'லெட்டர்பாக்ஸிங்' என்று கேட்டதும் தபால் பெட்டியும் குத்துச்சண்டையும் நினைவுக்கு வருவது இயல்பு. குத்துச்சண்டைக்கு இதில் இடமே இல்லை. தபால் பெட்டிக்கு மட்டும் ஒரு பழைய உறவு உண்டு.

ஒருவர் காட்டிலோ மலையடியிலோ ஒரு சிறு பெட்டியை மறைத்து வைக்கிறார். அதை அடையும் வழியை விடுகதை போலவோ, திசையும் காலடிக் கணக்குமாகவோ எழுதி வெளியிடுகிறார். படித்தவர்கள் நடந்து போய்த் தேடுகிறார்கள். பெட்டிக்குள் காசு பணம் எதுவும் இராது; ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும்தான். கண்டெடுத்தவர் தம்முடைய சொந்த முத்திரையை அந்த ஏட்டில் குத்திவிட்டு, பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டில் குத்திக்கொள்வார். பிறகு இருந்த இடத்திலேயே பெட்டியை மறைத்துவிட்டு இறங்குவார். மணலைக் குவித்து அதற்குள் குச்சியை ஒளித்துக் 'கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்' விளையாடியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்தப் பழக்கம் பிறந்த இடம் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர். சதுப்பும் கருங்கல் குன்றுகளும் நிறைந்த மேட்டுநிலம் அது. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள், வந்ததற்குச் சான்றாகத் தம் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். நாளடைவில், முகவரி எழுதிய அஞ்சலட்டையை அங்கே விட்டுவரும் வழக்கம் வந்தது. அடுத்து வருபவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்க்க வேண்டும். அடுத்தவர் மறுநாளே வரலாம். மழைக்காலம் முழுவதும் யாருமே வராமலும் போகலாம். ஆக, அது மெய்யாகவே தபால் பெட்டிதான். தபால்காரர் மட்டும் இல்லை. அட்டைகள் பின்னர் மறைந்து முத்திரை அந்த இடத்தைப் பிடித்தது. பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

'லெட்டர்' என்பதன் வேர் எழுத்தைக் குறிக்கும் 'லிட்டெரா' என்ற லத்தீன் சொல். 'பாக்ஸ்', பெட்டி செய்யப் பயன்பட்ட ஒரு மரத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது.

இதன் தம்பி, ஜிபிஎஸ் கருவி காட்டும் இடத்தில் பெட்டியைத் தேடும் 'ஜியோகேச்சிங்'. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஒருவர் அந்நாட்டின் ஒரிகன் மாநிலத்தில் முதல் பெட்டியை மறைத்து வைத்தார். அதில் கருவி வழிகாட்டும்; இதில் சொல் வழிகாட்டும். எனக்குச் சொல்தான் பிடித்திருக்கிறது.

தமிழுக்கு வருவோம். 'தபால் பெட்டி விளையாட்டு' என்றால் தெருமுனைச் சிவப்புப் பெட்டியை யாரோ குடைகிறார்கள் என்று தோன்றும். மடல், ஓலை எல்லாம் அழகான சொற்கள். ஆனால் 'ஓலைப்பெட்டி' என்றால் பனையோலையில் முடைந்த பெட்டிதான் நினைவுக்கு வரும்.

பலரும் யோசிக்காமல் கைவைப்பது 'புதையல் வேட்டை'. வேறெங்கும் பொருந்தலாம், சேலம் மாவட்டத்துச் சங்ககிரி போன்ற கொங்கு நாட்டு மலைக்கோட்டையில் இந்தச் சொல் ஆகாது. புதை என்ற வினையிலிருந்து வந்த புதையலுக்கு இங்கே கற்பனைப் பொருள் மட்டும் இல்லை. கோவையை அடுத்த வெள்ளலூரில் மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகவே கிடைத்திருக்கின்றன. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சங்ககிரி அடிவாரத்தில் நின்று "புதையல் தேடி வந்திருக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள்: கேட்பவர் உங்கள் பையில் கடப்பாரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அவர்மீது தவறில்லை. பழைய கோட்டை என்றாலே எங்கோ தங்கம் கிடக்கிறது என்று நம்பித் தோண்டுகிறவர்களால் கல்லும் சிலையும் பாழாவது நம் பக்கத்தில் புதிதில்லை.

மறைத்து வைத்த மடல் என்றால் கொங்கில் வேறொரு கதை இருக்கிறது. தீரன் சின்னமலையின் ஆளான வேலப்பன், வெள்ளையர் முகாமில் இருந்துகொண்டே செருப்புக்குள் கடிதத்தை வைத்துத் தைத்து, ஓடாநிலைக் கோட்டைக்குச் சேதி அனுப்பினான் என்பார்கள். வெள்ளையர் படை வந்தபோது கோட்டை வெறுமையாகக் கிடந்தது. அங்கே கிடந்த செருப்பைப் பிரித்ததும் வேலப்பன் அகப்பட்டான் என்று கதை முடியும். அந்தச் சின்னமலை 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிடப்பட்டது சங்ககிரிக் கோட்டையில். இன்றும் ஆடிப் பதினெட்டன்று மக்கள் அங்கே கூடுகிறார்கள். அப்படிப்பட்ட மலையில் ஏறும்போது வேட்டை என்ற சொல் என் வாயில் வராது.

பெட்டியையும் கடிதத்தையும் விட்டுவிட்டு, இந்த விளையாட்டின் உயிர் எதுவென்று பார்த்தால் அது முத்திரை. ஆகவே 'முத்திரைத் தேடல்' என்பது என் பரிந்துரை. முத்திரை வடசொல்தானே என்று சிலர் கேட்பார்கள். தனித்தமிழில் 'பொறி' இருக்கிறது: சோழர் துறைமுகமான புகார் நகரில் பண்டங்களுக்குப் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை பாடுகிறது. ஆனால் 'பொறித்தேடல்' என்றால் இன்று எலிப்பொறியும் தீப்பொறியும் முந்திக்கொள்ளும். முத்திரைத்தாள் வாங்கிப் பழகிய நமக்கு முத்திரை அந்நியமில்லை. அதைக் 'குத்துவது' என்றுதான் சொல்கிறோம் என்பதால், பாக்ஸிங்கிலுள்ள குத்தும் ஒரு வகையில் தமிழுக்கு வந்துவிடுகிறது! மறைக்கும் பெட்டியை 'மறைபேழை' எனலாம்; வழிச்சொல்லுக்குத் 'துப்பு' போதும்.

சங்ககிரிக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. ஆகவே மதில் இடுக்கிலோ சுனைக்கரையிலோ மறைபேழை வைக்கக் கூடாது. கோட்டைக்கு வெளியே, அடிவாரத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவருடைய வேலியோரம் வைக்கலாம். துப்பை மட்டும் மேலே கோட்டை வாயில்களில் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து அமைக்கலாம்: எத்தனையாவது வாயிலில் என்ன செதுக்கியிருக்கிறது என்று ஏறிப் பார்த்து வந்தவருக்கே கீழே வேலி பிடிபடும்படி. சொல்லின் ஆட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு: "ஞாயிற்றுக்கிழமை சங்ககிரியில் முத்திரைத் தேடல், தண்ணீரும் மைப்பெட்டியும் எடுத்து வாருங்கள், வெயிலுக்கு முன்னால் ஏறிவிடலாம்."