ஓட்டைகள் நிறைந்த அணி முதலில் யாரை எடுக்க வேண்டும்?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் வீரர்களை அவை ஆண்டுதோறும் ஏப்ரலில் 7 சுற்றுகளாகப் பங்கிட்டுக்கொள்ளும். இதுதான் டிராஃப்ட். ஐபிஎல் ஏலத்தில் கையில் பணம் உள்ள அணி யாரையும் கேட்கலாம். இங்கே வரிசை எண்தான் எல்லாம். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இந்த வாய்ப்பைப் பிக் என்பார்கள். அடுத்த ஆண்டுப் பிக் உட்பட எதையும் அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

மோசமாகத் தோற்ற அணிக்குக் குறை ஓரிடத்தில் நிற்காது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சரியில்லை, அவரைக் காக்கும் ஆஃபென்சிவ் லைன் சரியில்லை, தற்காப்பிலும் பாதி இடம் காலி. பெரிய ஓட்டையை முதலில் அடைத்துவிடலாம் என்று தோன்றும். பல அணிகள் சறுக்குவது இங்கேதான். எதிரணியில் பந்து பிடிப்பவர்களைத் தடுக்கும் கார்னர்பேக் வேண்டும் என்ற அவசரத்தில், 25ஆம் இடத்துக்குத் தகுந்தவரை 7ஆவதாக எடுத்துவிடுவார்கள். டிராஃப்ட் ஒப்பந்தம் 4 ஆண்டு. இன்றைய காலியிடம் அதற்குள் வேறிடத்துக்கு மாறிவிடும்; சுமாரான வீரர் மட்டும் மிஞ்சுவார்.

ஆகவே அவசரத்தை மார்ச்சிலேயே தீர்த்துவிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் சந்தை அப்போதுதான் திறக்கும். அங்கே ஓராண்டு ஒப்பந்தத்தில் நடுத்தர ஆட்டக்காரர்களை எடுத்துக் காலியிடங்களை ஒப்பேற்றிவிட்டால், ஏப்ரலில் நல்ல வீரர் யாராக இருந்தாலும் எடுக்கலாம்.

அடுத்தது தரப்பட்டியல். முதல் சுற்றுத் தரம் என்று ஓர் அணி மனசாரச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலான ஆண்டுகளில் 32 பேர் தேற மாட்டார்கள். வீரர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவதைவிட அடுக்கடுக்காகப் பிரிப்பது நல்லது. ஒரே அடுக்கில் இருவர் இருந்தால் மட்டும் தேவையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தேவைக்காக ஓர் அடுக்கு கீழே இறங்கக் கூடாது. உங்கள் முறை வரும்போது அதே அடுக்கில் இன்னும் 7 பேர் மிச்சமிருந்தால், உங்கள் பிக்கை வேறோர் அணிக்குக் கொடுத்து 6 இடம் பின்னால் போனாலும் அவர்களில் ஒருவர் நிச்சயம் கிடைப்பார். பின்னால் போவதற்குக் கூலியாகக் கூடுதல் பிக்கும் வரும்.

கூடுதல் பிக் ஏன் அவ்வளவு முக்கியம்? ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தாலரும் பழைய டிராஃப்ட்களை ஆராய்ந்தார்கள். ஒரு வீரர், அதே இடத்தில் ஆடும், அவருக்கு அடுத்தபடியாகத் தேர்வான வீரரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு வெறும் 52 சதவீதம். ஏறக்குறைய பூவா தலையாதான். அப்படியிருக்க, ஓட்டை நிறைந்த அணி பல பிக்குகளைக் கொடுத்து ஒரே ஆளைத் தேடி மேலே ஏறுவதைவிட அதிகமான பேரை எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

டெட்ராய்ட் லயன்ஸ் அணி 2023இல் செய்தது இதற்கு அருமையான பாடம். முந்தைய பருவத்தில் எதிரணிகளை லீகிலேயே அதிக தூரம் (யார்டுகள்) முன்னேறவிட்ட தற்காப்பு அவர்களுடையது. மார்ச்சில் கேமரன் சட்டன், இமானுவேல் மோஸ்லி, சி. ஜே. கார்ட்னர்-ஜான்சன் ஆகிய மூவரைத் தற்காப்பின் பின்வரிசைக்கு எடுத்துக்கொண்டார்கள். டிராஃப்ட் அன்று கையில் 6ஆம் பிக். அதையும் 81ஆம் பிக்கையும் அரிசோனா அணிக்குக் கொடுத்து, 12, 34, 168ஆம் பிக்குகளை வாங்கினார்கள். 1990களில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி பயன்படுத்திய, ஒவ்வொரு பிக்குக்கும் மதிப்புப் புள்ளி தரும் அட்டவணை இன்றும் பேரத்துக்கு ஓர் அளவுகோல். அதன்படி 6ஆம் பிக் 1600, 81ஆம் பிக் 185, மொத்தம் 1785. மறுபக்கம் 12ஆம் பிக்குக்கு 1200, 34ஆம் பிக்குக்கு 560, அதோடு கடைசிப் பிக்குக்குச் சொற்பப் புள்ளி. கிட்டத்தட்டச் சமம்.

12ஆம் பிக்கில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ். இவ்வளவு முன்னாலேயே ரன்னிங் பேக்கா என்று பலர் திட்டினார்கள். 34இல் வந்த, தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா முதல் பருவத்திலேயே 86 பந்து பிடித்தார். தற்காப்புப் பின்வரிசைக்கான பிரையன் பிராஞ்சும் கிடைத்தார், 45ஆம் இடத்தில். அந்தப் பருவத்தில் அணி 12 வெற்றி, 5 தோல்வி.

குவார்ட்டர்பேக் மட்டும் விதிவிலக்கு. அவர் இல்லாமல் மற்றவை எடுபடாது என்பதால் மேலே ஏறலாம், ஆனால் என்ன விலைக்கு? அதே 2023இல் கரோலினா அணி முதல் பிக்குக்காக 9, 61ஆம் பிக்குகள், அடுத்த ஆண்டின் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று ஆகியவற்றோடு பந்து பிடிக்கும் தன் சிறந்த ரிசீவர் டி. ஜே. மூரையும் சிகாகோ அணியிடம் கொடுத்தது. குவார்ட்டர்பேக்காக வந்த பிரைஸ் யங்குக்குப் பந்து பிடிக்கவும் சரியான ஆளில்லை, காக்கவும் ஆளில்லை. பந்தை எறியும் முன்பே 62 முறை வீழ்த்தப்பட்டார். அணி 2 ஆட்டம் மட்டுமே வென்றதால், கொடுத்த அடுத்த ஆண்டுப் பிக் லீகின் முதல் பிக்காகவே சிகாகோவுக்குப் போனது.

7 சுற்றும் முடிந்தபின் தேர்வாகாதவர்கள் விரும்பிய அணியில் சேரலாம். அணியின் இறுதிப் பட்டியலில் 53 இடம். காலியிடம் எங்கே அதிகம் என்பது ஏஜென்ட்டுகளுக்கு நன்றாகத் தெரியும். பலவீனமான அணிக்கு டிராஃப்ட் முடிந்த உடனேயான அந்த நேரத்தில் தன் ஓட்டைகளே பேரத்துக்கு உதவும். தொலைபேசியோடு தயாராக இருக்க வேண்டும்.