எல்லையே தாண்டாதவர் எப்படி சட்டவிரோதக் குடியேறி ஆவார்?

ஊடுருவல், எல்லைப் பாதுகாப்பு என்று டிவியில் விவாதம் சூடுபிடித்தால் போதும், மறுநாள் முகாமிலிருந்து எனக்கு போன் வந்துவிடும். "எங்களையும் பிடிச்சு அனுப்பிடுவாங்களா சார்?" இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் மண்டபத்திலோ திருச்சியிலோ பிறந்தவர், யாழ்ப்பாணத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞர் நான். சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

குடியுரிமைச் சட்டத்தில் 2003-ல் ஒரு திருத்தம் வந்தது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவரும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறிகள் என்றது அது. 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பினால் போதும் என்று படகேறியவரிடம் பாஸ்போர்ட் ஏது? 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அதனால் போருக்குத் தப்பி வந்தவரையும் திருட்டுத்தனமாக நுழைந்தவரையும் சட்டம் ஒரே பெட்டியில் போடுகிறது. அந்தப் பெட்டிக்குள் போனவர் நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்கு மட்டும் இந்தத் தடையை நீக்கியது. ஈழத்து இந்துவும் கிறிஸ்தவரும் அந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்பதற்கு ஏற்கும்படியான பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

இனி பிறந்த தேதிக்கு வருவோம். முகாமில் பலருக்குத் தெரியாதது இதுதான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு ஒருவர் இந்தியராக இருப்பது போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது.

இதனால் ஒரே வீட்டுக்குள் கோடு விழுகிறது. அப்பா உள்ளூர்க்காரர், அம்மா முகாமில் வளர்ந்தவர். 2002-ல் பிறந்த அக்கா இந்தியர். 2006-ல் பிறந்த தம்பியை, அம்மாவைக் காட்டி, இல்லை என்று தள்ளுகிறார்கள். இங்கேதான் என் வாதம் வருகிறது. சட்டம் 'நுழைந்த' வெளிநாட்டவரைத்தான் சொல்கிறது. இன்னொரு வீட்டில், அண்மையில் பிறந்த குழந்தையின் அம்மா 1990-களில் இந்த மண்ணிலேயே பிறந்தவர் என்றால் அவர் எந்த எல்லை வழியாக நுழைந்தார்? நுழையாதவர் எப்படி சட்டவிரோதக் குடியேறி ஆவார்? அவர் இந்தியக் குடிமகளாக இல்லாமல் இருக்கலாம், அது வேறு விஷயம். இதை முடிந்துபோன சட்டநிலை என்று சொல்லமாட்டேன். வாதாட வேண்டிய வாதம்.

யார் உள்ளே வருகிறார்கள் என்று ஒரு நாடு பார்க்கத்தான் வேண்டும். தங்கமும் கஞ்சாவும் போய்வருகிற பாக் நீரிணையில் ரோந்து வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் ரோந்துக்கும் முகாமில் பிறந்த பிள்ளைக்கும் என்ன தொடர்பு?

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தபோது போன் ஓயவில்லை. கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது. நிம்மதிதான். ஆனால் அது குடியுரிமை இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள் இந்தத் தேதிக்குள் வரமாட்டார்கள்.

அப்புறம் ஏஜெண்டுகள். போலி ஆவணம் வைத்து பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். புதிய சட்டத்தில் போலி பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை. நியாயமான உரிமை இருந்தவர்களின் வழக்கும் இதனால் கெட்டுப்போகும். படகும் அப்படியே. 2014-ல் புதுச்சேரியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய 157 தமிழர்களை நடுக்கடலில் மறித்து, வாரக்கணக்கில் கப்பலிலேயே அடைத்து வைத்து, கடைசியில் நவுரு தீவுக்குத்தான் அனுப்பினார்கள்.

ஆலோசனைக்கு வரும்போது பிறப்புச் சான்றிதழின் அசலைக் கொண்டுவாருங்கள். அது இல்லையென்றால் பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ். முகாம் குடும்ப அட்டையில் பெயரும் பிறந்த தேதியும் மற்ற சான்றுகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே மனு கொடுத்துத் திருத்துங்கள். பெற்றோர் மலையகத்தவர், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன இந்தியத் தமிழரின் வழிவந்தவர் என்றால், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தாத்தா பாட்டி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த தாள் ஏதாவது பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.